பால் உறையாத ஊரில்

மதுரைக்கு வந்தவர்களை அந்த ஊரே திரும்பிப் போகச் சொன்ன கதை நம்மிடம் இருக்கிறது. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு வையையைக் கடக்கிறார்கள். நடக்கப்போவது தெரிந்த ஆறு பூக்களைப் போர்த்திக்கொண்டு கண்ணீரை மறைக்கிறது. அகழியில் குவளையும் தாமரையும் வண்டுகளின் குரலில் அழுகின்றன. மதில்மேல் பறக்கும் கொடிகள் உள்ளே வராதே என்று கைகாட்டி மறிக்கின்றன. மூவரும் எதையும் கண்டுகொள்ளாமல் ஊர்ப்புறத்துக்கு வந்து சேர்ந்துவிடுகிறார்கள்.

இத்தனை கெட்ட சகுனங்களை ஓர் ஊரின் வாசலில் இளங்கோவடிகள் எதற்காக நிறுத்தி வைத்தார்? அந்தக் கேள்வியோடுதான் இந்த ஆடியில் மதுரைக்குப் போனேன். ஆடிதான் அதற்குத் தோதான மாதம். ஆடித் தேய்பிறை அட்டமியில், கார்த்திகையும் வெள்ளிக்கிழமையும் கூடும் நாளில் மதுரை எரியும் என்று முன்பே ஒரு சொல் இருந்ததாக மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் சொல்கிறது.

பையில் இரண்டு புத்தகங்கள் இருந்தன. ஒன்று, உ.வே. சாமிநாதையர் 1892-ல் அச்சேற்றித் தந்த சிலப்பதிகாரத்தின் பிற்காலப் பதிப்பு. இன்னொன்று, ஹைட்டியில் பிறந்த எட்விஜ் டான்டிகாவின் 1995-ஆம் ஆண்டுச் சிறுகதைத் தொகுப்பு, 'கிரிக்? கிராக்!'. ஹைட்டியில் கதை சொல்கிறவர் 'கிரிக்?' என்று கேட்பாராம். 'கிராக்!' என்று கூட்டம் பதில் கொடுத்தால்தான் கதை நகரும். நம் பாட்டிகளுக்கு 'உம்' கொட்ட ஆள் வேண்டியிருந்ததுபோல. டான்டிகாவின் கதைகளில் கறுப்புப் பட்டாம்பூச்சி சாவுச் செய்தி கொண்டுவரும். ஆலமரத்தடியில் நின்று கூப்பிட்டால் தெய்வங்களுக்குத் தெளிவாகக் கேட்கும். வைகைக் கரையில் வளர்ந்த எவருக்கும் அந்த ஆலமரத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

முதலில் அழகர்கோவில். மாட்டுத்தாவணியிலிருந்து வடக்கே சுமார் 20 கிலோமீட்டர். பேருந்தில் பாதிப் பேர் மஞ்சள் உடுத்தியிருந்தார்கள். சிலம்பில் இந்த மலைக்கு வேறொரு வேலை உண்டு. மதுரைக்கு வழி சொல்லும் மாங்காட்டு மறையோன், திருமால்குன்றத்துக் குகைப் பாதையில் மூன்று பொய்கைகள் இருக்கின்றன என்கிறான். புண்ணிய சரவணத்தில் மூழ்கினால் இந்திரனின் இலக்கண நூல் கைவரும். பவகாரணியில் மூழ்கினால் பழம்பிறப்பு தெரியும். இட்டசித்தியில் மூழ்கினால் நினைத்ததெல்லாம் கிடைக்கும். கவுந்தியடிகள் வேண்டாம் என்று மறுத்துவிடுகிறார். பழம்பிறப்பின் பயனை இந்தப் பிறப்பிலேயே பார்க்கிறோமே, அதற்கு ஒரு குளம் எதற்கு என்பது அந்தச் சமணத் துறவியின் பதில். புகாரில் கண்ணகியும் இப்படி ஒருமுறை மறுத்திருக்கிறாள். சோமகுண்டம் சூரியகுண்டத்தில் நீராடிக் காமவேளைத் தொழுதால் பிரிந்த கணவன் திரும்புவான் என்கிறாள் தோழி தேவந்தி. அது பெருமையில்லை என்று ஒரே பேச்சில் முடித்துவிடுகிறாள் கண்ணகி.

ஆக, சகுனங்களால் நிறைந்த இந்த நூலில் பரிகாரத்தை மறுப்பவர்கள் மரியாதைக்குரியவர்களாக நிற்கிறார்கள். இதை மனதில் இருத்திக்கொண்டு மேலே போவோம்.

அழகர்கோவில் ராஜகோபுர வாசலில் பதினெட்டாம்படிக் கருப்பசாமிக்கு உருவம் இல்லை. சாத்திய கதவுகள்தான் சாமி. கதவு முழுக்கச் சந்தனம், பக்கத்தில் ஆளுயர அரிவாள்கள். கொடுக்கல் வாங்கலில் தகராறு என்றால் இரண்டு தரப்பும் இங்கே வந்து சத்தியம் செய்வார்கள். பொய்ச் சத்தியம் செய்தவன் வீடு போய்ச் சேரமாட்டான் என்பது நம்பிக்கை. சித்திரையில் அழகர் மதுரைக்குப் புறப்படும்போது, போட்டிருக்கும் நகைக்குக் கருப்பனிடம் கணக்குக் காட்டிவிட்டுத்தான் படி இறங்குவார் என்பார்கள். கடவுளையே தணிக்கை செய்யும் காவல்காரர். இந்தக் கோயிலை ஆராய்ந்து தொ. பரமசிவன் எழுதிய 'அழகர் கோயில்' நூலை மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1989-ல் வெளியிட்டது. அவர் தன்னைப் பெரியாரியர் என்று சொல்லிக்கொண்டவர். சாமி கும்பிடுகிறவர்களைக் கேலி செய்யாமல், அவர்கள் எதற்காக வருகிறார்கள் என்று கேட்கத் தெரிந்த பெரியாரியர்.

எதற்காக வருகிறார்கள்? சித்ரா பௌர்ணமி விடியலில் கள்ளழகர் வைகையில் இறங்கும்போது லட்சக்கணக்கானவர்கள் குதிரையைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் உடுத்தியிருக்கும் பட்டின் நிறத்தைப் பார்க்கிறார்கள். பெட்டிக்குள் கைவிட்டு எடுக்கும் பட்டு எந்த நிறமோ, அதுதான் அந்த ஆண்டின் பலன் என்பது ஊர் நம்பிக்கை. பச்சை என்றால் மழையும் வெள்ளாமையும். சிவப்பு என்றால் கஷ்டம். அண்மை ஆண்டுகளில் பெரும்பாலும் பச்சைதான். கை தடவிப் பார்த்துத்தான் எடுக்கிறார்களோ என்று டீக்கடைகளில் கிண்டலாகக் கேட்பவர்கள் உண்டு. கொரோனா காலத்தில், 2020-லும் 2021-லும் அழகர் மலையை விட்டு இறங்கவில்லை. அப்போதும் இந்த ஊர் கேட்ட முதல் கேள்வி, என்ன பட்டு என்பதாகத்தான் இருந்திருக்கும்.

கிண்டலுக்கு டான்டிகாவிடம் பதில் இருக்கிறது. 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழு' என்ற கதையில் ஒரு சிறிய மாதா சிலை அழும். கண் குழியில் வைத்த மெழுகும் எண்ணெயும் உருகி வடிவதுதான் அந்தக் கண்ணீர் என்பது கதை சொல்லும் மகளுக்குத் தெரியும். தெரிந்தும் சிறையில் கிடக்கும் தாயைப் பார்க்கப் போகும்போதெல்லாம் சிலையைத் துணிக்குள் பொதிந்து எடுத்துப் போகிறாள். 1937 அக்டோபரில் டொமினிகன் சர்வாதிகாரி துருஹியோவின் படை எல்லைப்புற ஹைட்டியரை ஆயிரக்கணக்கில் கொன்றது. தாய் அன்றிரவு ஆற்றைக் கடந்து தப்பியவள். ஆண்டுதோறும் அந்த ஆற்றங்கரைக்கு மற்றப் பெண்களோடு போய் வந்தவள். சிலை அழுவது நிஜமா என்பது அங்கே யாருக்கும் கேள்வியே இல்லை. யாருக்காக அழுகிறது என்பதுதான் கேள்வி. பச்சைப்பட்டையும் நான் அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

அழகர் மதுரைக்கு வரும் அதே சாலையில் திரும்பி வந்தால் கடச்சனேந்தல். ஆயர்குலத்து மாதரியின் வீட்டில் கண்ணகி அடைக்கலமாக இருந்த இடம் இதுதான் என்று இந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். இன்று வீட்டுமனை விளம்பரங்களும் கம்பி வேலிகளும் நிறைந்த புறநகர். ஆயர்பாடியின் தடயம் எதையும் தேட வேண்டாம். ஆனால், நான் வந்ததே இந்த இடத்துக்காகத்தான்.

கோவலன் சிலம்பை விற்கப் போயிருக்கிறான். போகும் வழியில் திமில் கொண்ட காளையொன்று எதிரே பாய்கிறது. அது கெட்ட சகுனம் என்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் வணிகன், அவன் குலத்துக்கு மாட்டின் மொழி தெரியாது என்று போகிறபோக்கில் சொல்லிவிடுகிறார் இளங்கோ. சகுனம் என்பது வானத்திலிருந்து விழுவதில்லை, ஒவ்வொரு தொழிலும் தன் கண்ணால் படித்து வைத்த பாடம் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன வேறு எவரையும் நான் படித்ததில்லை. அங்கே ஆயர்பாடியில் குடத்துப் பால் உறையவில்லை. உறியில் வெண்ணெய் உருகவில்லை. காளையின் கண்ணில் நீர். ஆட்டுக்குட்டி துள்ளாமல் துவண்டு கிடக்கிறது. பசுவின் கழுத்து மணி அறுந்து விழுகிறது. பால்காரக் குடும்பத்துக்குத் தெரியாதா, ஏதோ தப்பு நடக்கப்போகிறது என்று.

மாதரி என்ன செய்கிறாள்? பரிகாரம் கேட்டு ஓடவில்லை. பயப்படாதே என்று மகள் ஐயையைத் தேற்றிவிட்டுக் குரவை ஆடலாம் என்கிறாள். ஏழு பெண்கள். ஆளுக்கொரு காளை வளர்க்கிறவர்கள். குரல் முதல் தாரம் வரை ஏழு சுரங்களின் பெயரை அவர்களுக்கு வைத்து வட்டமாக நிறுத்திக் கைகோத்து ஆடச் சொல்கிறாள்.

குரவை கோவலனைக் காப்பாற்றவில்லை. ஆடி முடித்து மாதரி வையைக்கு நீராடப் போகிறாள். ஊருக்குள்ளிருந்து செய்தி வந்துவிடுகிறது. பலிக்காத பரிகாரம் என்று ஒரே வரியில் இதைத் தள்ளிவிடலாம். நான் அப்படிப் படிக்கவில்லை. கவுந்தியும் கண்ணகியும் மறுத்த குளங்கள், தனக்கு மட்டும் ஒன்று கிடைக்கும் என்பதற்காக மூழ்குகிறவை. மாதரியின் குரவை, நேற்று வந்த விருந்தாளிக்கும் தன் மாடுகளுக்கும் சேர்த்து ஆடியது. முதலாவதை மறுக்கவும் இரண்டாவதை முழுக் காதையாக எழுதவும் இளங்கோவுக்குக் காரணம் இருந்தது.

கடச்சனேந்தலில் ஓர் அம்மன் கோயில் பக்கத்துத் திண்ணையில் முளைப்பாரிக்கு ஓடு பார்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். இருட்டறையில் நவதானியம் முளைக்கப் போட்டு, சுற்றிலும் கும்மி கொட்டி, குலவையிட்டு வளர்ப்பார்கள். பயிர் நெடுநெடுவென்று வந்தால் வருசம் நல்லாயிருக்கும். விதை நல்ல விதையா என்று ஊரே சேர்ந்து பார்த்துக்கொள்ளும் ஏற்பாடும் அதில் இருக்கிறது.

"குட்டையாப் போனா என்னங்கம்மா செய்வீங்க?" என்றேன்.

"என்னப்பா செய்யிறது, கும்மிய ரெண்டு நாளு கூடக் கொட்டுவோம். அதுக்காக ஆத்தா கோயில இழுத்து மூடிட்டா போவாக?"

மாதரியைக் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பாள்.

ஹைட்டியிலும் மழை பொய்த்த ஊரைப் பற்றிய நாவல் ஒன்று உண்டு. ழாக் ரூமேன் எழுதி, அவர் இறந்த 1944-ல் வெளிவந்த 'பனித்துளியின் ஆண்டைகள்'. கியூபாவில் கரும்பு வெட்டிவிட்டு ஊர் திரும்பும் மானுவேல், பிரார்த்தனையோடு நின்றுவிடும் தன் மக்களைத் திட்டுகிறான். ஆனால், தன் வருகைக்கு நன்றியாக வீட்டார் நடத்தும் வூடூ சடங்கில் கூச்சமில்லாமல் ஆடுகிறான். பிறகு காட்டுப்புறா பறக்கும் திசையையும், ஓர் அத்தி இன மரத்தையும், அதனடியில் தழைத்த சேம்பின் இலையையும் வைத்து ஊற்றைக் கண்டுபிடிக்கிறான். அத்தியும் நாவலும் புற்றும் இருக்கும் இடத்தில் கிணறு தோண்டச் சொன்ன நம் பெரியவர்கள் அவனைத் தங்கள் ஆள் என்று சேர்த்துக்கொண்டிருப்பார்கள். தண்ணீரைக் கண்டவன் குத்துப்பட்டுச் சாகிறான். ஊர் சேர்ந்து வெட்டிய வாய்க்காலில் தண்ணீர் வந்துவிடுகிறது.

ரூமேன் ஹைட்டி கம்யூனிஸ்ட் கட்சியை 1934-ல் தொடங்கியவர். 1941, 42-ல் கத்தோலிக்கத் திருச்சபை 'மூடநம்பிக்கை ஒழிப்பு' என்று கிளம்பி வூடூ முரசுகளை உடைத்தபோது எதிர்த்து எழுதினார். ஒழிக்க வேண்டியது வறுமையை என்றார். 2003-ல் ஹைட்டி அரசு வூடூவை ஒரு மதமாக அங்கீகரித்தது. அதே 2003-ல் தமிழ்நாடு அரசு, தூசு படிந்து கிடந்த 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துக் கோயில்களில் கிடா வெட்டத் தடை போட்டது. மறு ஆண்டே விலக்கிக்கொண்டது. மதுரைப் பக்கம் அந்தத் தடையைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் பாண்டி கோயிலுக்குத்தான் போக வேண்டும்.

மாட்டுத்தாவணியிலிருந்து ஆட்டோவில் கொஞ்ச தூரம். வேனில் வந்திறங்கும் குடும்பங்கள், அண்டாக்கள், கரும்புகை, மரத்தில் தொட்டில்கள். பாண்டி முனீசுவரருக்குச் சைவப் படையல். கிடாயும் சேவலும் பக்கத்தில் இருக்கும் சமயக் கருப்பனுக்கு. பாண்டி, தவக்கோலத்தில் அமர்ந்திருக்கிறார். அது புத்தர் சிலை என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. ஊர் சொல்லும் கதை வேறு. கோவலனுக்குத் தப்பான தீர்ப்புச் சொல்லி, தவறு தெரிந்ததும் உயிரை விட்ட பாண்டியன் நெடுஞ்செழியன்தான் மறுபிறவி எடுத்து இங்கே தவம் இருக்கிறான் என்பது அது.

எவ்வளவு பெரிய கற்பனை பாருங்கள். சிலம்பில் அவனுக்கு ஒரு வாய்ப்புத்தான். நானே கள்வன் என்று விழுந்து செத்துவிடுகிறான். இந்த மக்கள் அவனை எழுப்பி உட்காரவைத்து, நூற்றுக்கணக்கான வழக்குகளைத் தினமும் முன்னால் கொண்டுபோய் வைக்கிறார்கள். நிலத் தகராறு, காணாமல் போன நகை, ஏமாற்றிப் போன மாப்பிள்ளை. ஒருமுறை தப்பாகத் தீர்ப்புச் சொன்னவன் இனி சொல்லமாட்டான் என்ற கணக்கு. அங்கிருந்து மேலூர்ச் சாலையில் சில கிலோமீட்டர் போனால் ஒத்தக்கடையில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, 2004-ல் திறந்தது.

"அங்குட்டு வாய்தா, இங்குட்டு கிடாண்ணே. ரெண்டுலயும் நாமதான் செலவழிக்கணும்" என்றார் ஆட்டோ ஓட்டிய தம்பி. "ஆனா இங்க கறிச்சோறாவது மிஞ்சும்."

ஆனால், எல்லாச் சகுனத்தையும் கொஞ்ச வேண்டாம். பாண்டியன் செத்த பின் நாடு மழையின்றி நோயால் வாடியபோது, கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லரைக் கண்ணகிக்குப் பலி கொடுத்தான், மழை பெய்தது என்கிறது சிலம்பின் உரைபெறு கட்டுரை. ஒரு பொற்கொல்லன் செய்த களவுக்கு ஆயிரம் பேர். டான்டிகாவின் கதையில் அந்தத் தாய் சிறையில் கிடப்பதும் இரவில் தீப்பிழம்பாய்ப் பறக்கும் சூனியக்காரி என்ற குற்றச்சாட்டில்தான். எதிரே வரும் தாலியறுத்தவளைச் சகுனத்தடை என்று நம் வீட்டுப் படியிலேயே நிறுத்தியிருக்கிறோம். பாலையும் பட்டையும் முளைப்பாரியையும் பார்த்துக் குறி சொன்னால் ஊர் கூடுகிறது. மனிதரையே குறியாக ஆக்கினால் ஊர் ஒருவரை வெளியே தள்ளுகிறது. என் அளவுகோல் இவ்வளவுதான், இதைக்கொண்டுதான் மிச்ச இடங்களைப் பார்த்தேன்.

பழங்காநத்தத்தில் கோவலன் பொட்டல். கோவலன் வெட்டுப்பட்ட இடம் என்பது வழக்கு. தொல்லியல் துறை 1980-களின் தொடக்கத்தில் தோண்டிப் பார்த்த இடம். இன்று சுற்றிலும் வீடுகள், நின்று பார்க்க அதிகமில்லை. விளக்குத்தூண் வழியாக வந்தேன். மதுரைக் கோட்டையை 1840-களில் இடித்த கலெக்டர் பிளாக்பர்னின் நினைவுத்தூண் அது. மதிலில் குடியிருந்த காவல் தெய்வங்கள் இடிப்புக்கு முன்னால் சாமியாடிகள்மேல் வந்து ஒவ்வொன்றாகக் கோட்டையை விட்டு இறங்கும் காட்சியை சு. வெங்கடேசன் 'காவல் கோட்ட'த்தில் எழுதியிருக்கிறார். 2011-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். அவரும் ரூமேனைப்போல கம்யூனிஸ்ட். வெறுங்கல் என்று தள்ளியிருந்தால் அந்த அத்தியாயத்தில் அழுவதற்கு யாரும் இருந்திருக்கமாட்டார்கள். நாவலின் தாதனூருக்கு மூலமான கீழக்குயில்குடி மேற்கே இருக்கிறது. சமணர் மலையடிவாரம், அய்யனார் கோயில், தாமரைக் குளம், ஆலமரம். மேலே பாறையில் தீர்த்தங்கரர்கள். குளத்தில் மூழ்க மறுத்த கவுந்தியின் ஆட்கள் மலைமேலும், குறி கேட்பவர்களின் சாமி கீழேயும் நூற்றாண்டுகளாகச் சண்டையின்றி இருக்கிறார்கள்.

கடைசியாகச் சிம்மக்கல் செல்லத்தம்மன் கோயில். ஆடி வெள்ளிக் கூட்டத்தில் கால் வைக்க இடமில்லை. அங்கே கண்ணகிக்கும் ஒரு சன்னதி உண்டு. கையில் சிலம்பு. கணவனை இழந்து, தலைவிரிகோலமாய், ஊரை எரித்துவிட்டுப் போன பெண். நம் சகுனக் கணக்கின்படி விடியலில் முழிக்கவே கூடாத முகம். அவள் முன்னால் தாலிப் பாக்கியம் கேட்டுப் பெண்கள் மஞ்சள் கயிறு வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சகுனத்தடை என்று ஒதுக்கப்படவேண்டியவளிடமே இந்த ஊர்ப் பெண்கள் மங்கலம் கேட்கிறார்கள். அவர்களுக்கு எந்தப் பட்டிமன்றமும் இதைச் சொல்லித் தரவில்லை.

மேற்கு வாசல் வழியே வெளியேறிய கண்ணகி, வையைக் கரையோடு நடந்து மலையேறினாள். கம்பம் பள்ளத்தாக்கில் கூடலூருக்கு மேலே, கேரள எல்லையில் உள்ள மங்கலதேவி கோயில்தான் அந்த இடம் என்கிறார்கள். புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் ஆண்டில் ஒருநாள்தான் மக்களை விடுகிறார்கள். அதுவும் சித்ரா பௌர்ணமி, அழகர் ஆற்றில் இறங்கும் அதே நாள். இரண்டையும் ஒரே ஆண்டில் பார்ப்பது கடினம், ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். மதுரைக்குப் போகிறவர்கள் முதல் நாளே ஊருக்குள் போய்விடுவது நல்லது. மலைக்குப் போகிறவர்கள் குமுளியிலிருந்து ஜீப்பில் ஏறலாம், அல்லது கூடலூர் பளியன்குடியிலிருந்து காட்டுப் பாதையில் சுமார் ஆறு கிலோமீட்டர் நடக்கலாம். கால் தாங்குமென்றால் நடந்தே போங்கள். போகும்போது ஆய்ச்சியர் குரவையை மட்டுமாவது படித்துவிட்டுப் போங்கள்.